குற்றக் கணக்கும் கணக்கின் குற்றமும்

நாட்டில் குற்றங்கள் பெருகிவிட்டன என்று ஒரு சாராரும், குறைந்துவிட்டன என்று மற்றொரு சாராரும் மேடைதோறும் முழங்குவதை நாம் கேட்டிருக்கிறோம். வியப்பு என்னவென்றால், இரு சாராரின் கையிலும் இருப்பது ஒரே புத்தகம்தான். 1953 முதல் வெளிவரும் 'இந்தியாவில் குற்றங்கள்' என்னும் அரசு அறிக்கையே அது. 1986 இல் தொடங்கப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இன்று அதனைத் தொகுத்து அளிக்கிறது.

ஒரே புத்தகத்திலிருந்து எதிரெதிரான இரண்டு தீர்ப்புகள் எப்படிப் பிறக்கின்றன? படிப்பவர்களின் கட்சிச் சார்பு ஒரு காரணம். கணக்கு எடுக்கப்படும் முறை மற்றொரு காரணம். முதலாவதைத் திருத்த என் போன்ற மாணவனால் ஆகாது. இரண்டாவதைப் பற்றி, புள்ளியியல் பாடம் படிப்பவன் என்ற முறையில், சில கருத்துகளை இம்மலரின் வாயிலாகக் கூற விழைகிறேன்.

எண் பிறக்கும் இடம்

குற்றப் புள்ளிவிவரம் தில்லியில் பிறப்பதில்லை. அது நம் ஊர்க் காவல் நிலையத்தில், எழுத்தரின் மேசையில் பிறக்கிறது. ஒரு வீட்டில் களவு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கணக்கில் ஓர் எண்ணாக மாறுவதற்கு முன் பல வாயில்களைக் கடந்தாக வேண்டும். பொருளை இழந்தவர் காவல் நிலையத்திற்குப் போக மனம் துணிய வேண்டும். போனவரின் புகாரை அங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய புகாரின்மேல் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். பதிவாகும்போது உரிய சட்டப் பிரிவு எழுதப்பட வேண்டும். இவ்வாயில்களுள் ஏதேனும் ஒன்று அடைபட்டாலும், நடந்த களவு கணக்கைப் பொறுத்தவரை நடக்காத களவே.

தமிழகத்தில் 'சி.எஸ்.ஆர்.' என்ற மூன்றெழுத்தை அறியாதார் இலர். புகார் கொடுத்தவர் கையில் கொடுக்கப்படும் மனு ஏற்பு ரசீது அது. புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு அது சான்று. வழக்குப் பதிவானது என்பதற்கு அன்று. ரசீதை வாங்கிய பலர் வழக்கே பதிவாகிவிட்டதாக எண்ணி மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர். ஆனால் தேசிய அறிக்கையில் ஏறுவது முதல் தகவல் அறிக்கை மட்டுமே. ரசீதோடு நின்றுபோன புகார்கள் அவ்வறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறுவதில்லை.

சட்டம் இதனை ஒப்புக்கொள்கிறதா என்றால், இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154 ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 173 ஆம் பிரிவும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் அதனைப் பதிய வேண்டும் என்றே கூறுகின்றன. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இத்தகைய தகவலைப் பதிவது கட்டாயம் என்று ஐயத்திற்கு இடமின்றித் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின்படி, குடும்பத் தகராறு, வணிகத் தகராறு போன்ற சில வகைகளில் மட்டும் முன்விசாரணைக்கு இடம் உண்டு; அதற்கும் கால வரம்பு உண்டு. பெண்களுக்கு எதிரான சில கொடுங்குற்றங்களைப் பதிய மறுக்கும் காவல் அலுவலரைத் தண்டிக்கவே 2013 இல் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், மேசைக்கு இப்பக்கம் நிற்கும் ஏழைக்கு அத்தெளிவு எட்டுவதில்லை.

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியதை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். கன்றை இழந்த பசு இழுத்து ஒலிக்கும் அளவிற்கு அம்மணியின் கயிறு தாழ்ந்திருந்தது என்பதுதான் அக்கதையில் என்னைக் கவர்ந்த செய்தி. கயிற்றை உயரத் தூக்கிக் கட்டிவிட்டு, 'இவ்வாண்டு மணி ஒலிக்கவே இல்லை, நாட்டில் குறையே இல்லை' என்று ஓர் அமைச்சர் மன்னனிடம் கணக்குக் காட்டியிருந்தால் நாம் அதனை என்னவென்று சொல்வோம்?

நானே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் விடுதிக்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் இடையிலுள்ள சாலையில், இரண்டு மாத காலத்திற்குள், மாணவர் மூவரின் கைப்பேசிகள் பறிபோயின. மூன்றும் இருட்டிய பின் நடந்தவை. மூன்றிலும் இரு சக்கர வண்டியில் வந்தவர்களே பறித்துச் சென்றனர். முதல் மாணவன் காவல் நிலையம் சென்றான். 'காணாமல் போய்விட்டது என்று எழுதிக் கொடு, தம்பி. புதிய சிம் கார்டு வாங்க அது போதும்' என்று அறிவுரை கூறப்பட்டது. இரண்டாமவனுக்கு மனு ஏற்பு ரசீது கிடைத்தது. இவ்விருவரின் அனுபவத்தைக் கேட்ட மூன்றாமவன் போகவே இல்லை. மூன்று வழிப்பறிகள் நடந்தன. ஆண்டுக் கணக்கில் ஏறியது சுழி. பின்னர் அச்சாலையில் இரவு ரோந்து வேண்டும் என்று மாணவர்கள் சிலர் கேட்கப் போனபோது, 'அந்த இடத்தில் குற்றம் எதுவும் பதிவாகவில்லையே' என்ற விடை கிடைத்தது. அவ்விடை பொய் அன்று. பதிவேட்டைப் புரட்டினால் அப்படித்தான் இருக்கும். அச்சாலையில்தான் மகளிர் விடுதி மாணவியரும் மாலை வகுப்பு முடிந்து நடந்து வருகின்றனர். கணக்கில் விடுபட்ட மூன்று எண்கள் ஒரு சாலைக்கு வர வேண்டிய காவலையே தடுத்துவிட்டன என்பதை எண்ணும்போது, இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று என்பது விளங்கும்.

கூட்டலின் கோளாறு

இனி, பதிவான எண்களையேனும் நாம் சரியாகக் கூட்டுகிறோமா என்று பார்ப்போம். 2020 ஆம் ஆண்டு அறிக்கை ஒரு நல்ல பாடம். அவ்வாண்டு நாடெங்கும் பதிவான குற்றங்கள் 66,01,285. முந்தைய ஆண்டைவிட இது 28 விழுக்காடு மிகுதி. இதைக் கேட்பவர் நாடே கொள்ளைக்காடாகிவிட்டதோ என்று நடுங்குவர். ஆனால் அவ்வாண்டில் கொலை வழக்குகள் ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே கூடின. திருட்டு வழக்குகள் கால் பங்குக்கு மேல் குறைந்தன. பிறகு எது கூடியது? கொரோனா ஊரடங்கு ஆணையை மீறியோர் மேல், அரசு அலுவலரின் ஆணைக்குக் கீழ்ப்படியாமைக்கான 188 ஆம் பிரிவில் தொடுக்கப்பட்ட வழக்குகளே கூடின. 2019 இல் 29,469 ஆக இருந்த அவ்வழக்குகள் 2020 இல் 6,12,179 ஆயின. கொலையையும், ஊரடங்கில் கடைத்தெருவுக்குப் போனதையும் ஒரே தட்டில் வைத்துக் கூட்டினால் வரும் தொகைக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

அதே ஆண்டில் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் 4,05,326 இலிருந்து 3,71,503 ஆகக் குறைந்ததாக அறிக்கை காட்டுகிறது. ஊரடங்கில் பெண்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? அவ்வாண்டில் தேசிய மகளிர் ஆணையத்திற்கு வந்த முறையீடுகள் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தன. அடிப்பவனோடு ஒரே கூரையின்கீழ் அடைபட்டிருந்தவள், பேருந்தும் ஓடாத நாளில், எவ்வாறு காவல் நிலையம் சென்றிருப்பாள்?

மாறாக, எண் கூடுவதெல்லாம் தீமை என்றும் கொள்வதற்கில்லை. நாட்டில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2012 இல் 24,923. 2013 இல் 33,707. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பின் நாடு கொதித்தெழுந்தது. பெண்கள் துணிந்து புகார் கொடுத்தனர். காவல் நிலையங்களும் பதியத் தலைப்பட்டன. சட்டத்தில் அக்குற்றத்தின் இலக்கணமே விரிவாக்கப்பட்டது. இம்மூன்றும் சேர்ந்து எண்ணை உயர்த்தின. இவற்றுள் எதனால் எவ்வளவு உயர்ந்தது என்று பிரித்துச் சொல்ல இன்றைய கணக்கால் இயலவில்லை. பல ஆண்டுகளின் அறிக்கைகளில் கேரளம் குற்ற விகிதத்தில் முன்வரிசையிலும், பீகார் அதற்குப் பின்னாலும் நிற்பதையும் இக்கண்கொண்டே பார்க்க வேண்டும். படித்த மக்கள் மிகுந்த, புகார் கொடுக்கத் தயங்காத மாநிலம் கணக்கில் குற்றவாளியாகத் தோன்றுகிறது. குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. ஆனால் அவ்வெச்சரிக்கை தலைப்புச் செய்தியில் வருவதில்லை.

இன்னும் இரண்டு கோளாறுகளைச் சுட்ட விரும்புகிறேன். ஒரே நிகழ்ச்சியில் பல குற்றங்கள் நடந்திருந்தால், அவற்றுள் மிகக் கொடியதை மட்டுமே தேசியக் கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம். வீடு புகுந்து திருடியவன் வீட்டுக்காரரைக் கொன்றும்விட்டால், அது கொலை என்று ஒரே எண்ணாகும், களவு மறைந்துபோகும். இதனால் சிறிய குற்றங்கள் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். அடுத்தது, விகிதத்தின் அடியெண். ஒரு லட்சம் மக்களுக்கு இத்தனை குற்றம் என்று சொல்லும்போது மக்கள்தொகை சரியாக இருக்க வேண்டும் அல்லவா? 2021 இல் நடைபெற வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. 2022 ஆம் ஆண்டு அறிக்கையில் சென்னை போன்ற பெருநகரங்களின் விகிதங்கள் 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகையைக் கொண்டே வகுக்கப்பட்டன. மேலெண் புதியது, கீழெண் பழையது என்றால் வரும் ஈவு எவ்வாறு உண்மையாகும்?

காவலர் பக்கத்து நியாயம்

இவ்வளவும் கூறியதால் காவலரைத் தூற்றுவதே என் நோக்கம் என்று எவரும் எண்ண வேண்டாம். ஓர் உதவி ஆய்வாளரின் இடத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு வழக்கும் அவருக்குப் புலன்விசாரணை, சாட்சி, குற்றப்பத்திரிகை, நீதிமன்றம் என்று நீளும் சுமை. அதற்கேற்ற ஆள்பலம் நிலையத்தில் இல்லை. மாதந்தோறும் நடக்கும் குற்ற ஆய்வுக் கூட்டத்தில், 'சென்ற ஆண்டு இதே மாதம் பத்து, இவ்வாண்டு பதினைந்து, ஏன்?' என்ற கேள்விக்கு அவர் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டும். உண்மையை எழுதியவர் வசை வாங்குகிறார். எழுதாதவர் பாராட்டுப் பெறுகிறார். இத்தகைய தேர்வு முறையில் நாமே எழுதினாலும் விடைத்தாளை வெறுமையாக வைக்கத்தான் பழகுவோம்.

இதனை இன்று நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1977 இல் தர்ம வீரா தலைமையில் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம், புகார்களைப் பதியாது விடும் வழக்கத்தையும், எண்களின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே காவல் நிலையத்தை மதிப்பிடும் போக்கையும் அன்றே சுட்டிக்காட்டியது. நோயின் மூலம் தெரிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. மருந்துதான் இன்னும் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அன்று. இங்கிலாந்தில் 2014 ஜனவரியில், காவல் துறை பதியும் குற்ற எண்களுக்கு வழங்கப்பட்டிருந்த தேசியப் புள்ளிவிவரத் தகுதியை அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையமே நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் காவல் துறைக்கான ஆய்வாளர் குழு, முறையிடப்பட்ட குற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பதிவாகாமல் விடுபட்டதை வெளியிட்டது. குறை வெளிப்பட்டதும் அதை மூடி மறைக்காமல், ஒவ்வொரு காவல் படையாகத் தணிக்கை செய்தனர். சில ஆண்டுகளில் பதிவு பெரிதும் செம்மையுற்றது. தகுதியை இழக்கும் துணிவு இருந்ததால்தான் அங்கே திருத்தம் பிறந்தது.

செய்ய வேண்டுவன

குறை கூறுவதோடு நிற்றல் முறையன்று. எனக்குத் தோன்றும் வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவதாக, காவல் நிலையத்தின் திறமையைப் பதிவான குற்றங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பதைக் கைவிட வேண்டும். வந்த புகார்களில் எத்தனை பதிவாயின, எவ்வளவு விரைவில் பதிவாயின, முடிவு புகார்தாரருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்பனவே அளவுகோலாக வேண்டும்.

இரண்டாவதாக, மனு ஏற்பு ரசீதுகளின் கணக்கையும் ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். இத்தனை ரசீதுகள், அவற்றுள் இத்தனை வழக்காயின, இத்தனை சமரசமாயின, இத்தனை முடித்து வைக்கப்பட்டன என்று தெரிந்தாலே பாதி இருள் விலகும். எந்த மாவட்டத்தில் ரசீதுகள் மலையாகவும் வழக்குகள் மடுவாகவும் உள்ளன என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

மூன்றாவதாக, காவல் துறைக்குக் கட்டுப்படாத தணிக்கை வேண்டும். வரவு செலவைத் தணிக்கை செய்ய ஆள் உண்டு. குற்றக் கணக்கைத் தணிக்கை செய்ய ஏன் இருத்தல் ஆகாது? ரசீதுகளில் நூறை மாதிரியாக எடுத்து, அவற்றுள் பதியப்பட்டிருக்க வேண்டியவை எத்தனை என்று பார்த்தாலே போதும்.

நான்காவதாக, மக்களையே நேரில் கேட்கும் கணக்கெடுப்பு வேண்டும். 'கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் எவரேனும் குற்றத்துக்கு ஆளானீர்களா? காவல் நிலையத்துக்குப் போனீர்களா? போகவில்லையென்றால் ஏன்?' என்று வீடு வீடாகக் கேட்பது அது. அமெரிக்காவில் 1973 முதலும், பிரிட்டனில் 1982 முதலும் இவ்வகைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. நம் நாட்டில் 2017 இல் தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்று சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் இதனைச் செய்து காட்டியது. 2019–21 இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 விழுக்காட்டினரே எவரிடமேனும் உதவி நாடினர். அவ்வாறு நாடியவரிலும் பெரும்பாலோர் தம் குடும்பத்தாரிடமே நாடினர். காவல் நிலையப் பதிவேடு எத்தனை நேர்மையாக எழுதப்பட்டாலும் இவ்வுண்மை அதில் ஏறாது. மகலனோபிசின் முயற்சியால் 1950 இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நம்மிடம் உள்ளது. அதன் வினாத்தாளில் ஒரு பகுதியைச் சேர்ப்பது இயலாத செயல் அன்று. திருக்குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கும் முறை கூறப்பட்டிருக்கிறது. இக்காலக் கணக்கெடுப்பின் அடிப்படையும் அதுவே.

ஐந்தாவதாக, கணக்கு காலத்தே வெளிவர வேண்டும். இடத்தோடும் நேரத்தோடும் வர வேண்டும். 2022 ஆம் ஆண்டின் அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது. 2023 ஆம் ஆண்டுக்குரியதோ 2025 செப்டம்பர் இறுதியில்தான் வெளிவந்தது. ஏறத்தாழ இரண்டாண்டுப் பழமையான தொகையைக் கொண்டு எந்தத் தெருவில் விளக்குப் போடுவது, எந்தச் சாலையில் ரோந்து அனுப்புவது என்று முடிவு செய்ய இயலாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியாதவாறு, எந்தப் பகுதியில், எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் எவ்வகைக் குற்றம் நடந்தது என்று காலாண்டுக்கு ஒரு முறை வெளியிட்டால், நகராட்சிக்கும் கல்லூரிக்கும் அது பயன்படும். இந்தியத் தண்டனைச் சட்டம் 2024 ஜூலையில் புதிய சட்டத்துக்கு இடங்கொடுத்ததால், அவ்வாண்டின் கணக்கு பாதி பழைய பிரிவுகளிலும் பாதி புதிய பிரிவுகளிலும் அமையும். பழைய சட்டத்தில் தனிப் பெயர் இல்லாதிருந்த பறிப்புக் குற்றத்திற்குப் புதிய சட்டத்தில் தனிப் பிரிவே உள்ளது. எதனை எதனோடு ஒப்பிடலாம் என்ற விளக்கக் குறிப்பு ஒவ்வோர் அட்டவணையின் கீழும் தெளிவாக இருத்தல் வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

'வந்த புகாரையெல்லாம் பதிந்தால் பொய்ப் புகார்கள் மலிந்துவிடும்' என்பர் சிலர். புகார் பொய்யென்றால் விசாரித்து, பொய்யென்று எழுதி முடிக்கச் சட்டத்தில் வழி உண்டு. அதுவும் ஒரு கணக்காகும். விசாரிப்பதற்கு முன்னரே மேசையருகில் தீர்ப்பு எழுதுவதுதான் தவறு.

'எண் உயர்ந்தால் எதிர்க்கட்சி சும்மா விடுமா?' என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. எந்தக் கட்சி ஆண்டாலும் இவ்வச்சம் இருக்கும். இதற்கு மருந்து நம் போன்றோர் கையில்தான் இருக்கிறது. பதிவு கூடியதா, குற்றம் கூடியதா என்று கேட்கத் தெரிந்த வாசகர் பெருகினால், எண்ணை மட்டும் காட்டி மிரட்டுவோரின் குரல் எடுபடாது. சுரமானியை உடைத்தால் காய்ச்சல் தணியாது என்பது நம் வீட்டுத் தாய்மார்கள்கூட அறிந்த செய்தி.

காவல் துறையில் இன்று கணினிகள் இல்லாமல் இல்லை. 2009 இல் ஒப்புதல் பெற்ற திட்டத்தின்கீழ் நாட்டின் காவல் நிலையங்கள் ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்டன. ஆயினும் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நிலையத்தில் எழுதாததைத் தில்லிக் கணினி எங்கிருந்து காட்டும்?

இங்கே நமக்கும் ஒரு கடமை உண்டு என்று கருதுகிறேன். நம் கல்லூரியில் புள்ளியியல் துறை உண்டு; சமூகப் பணியில் ஆர்வமுள்ள நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் உண்டு. வரும் கல்வியாண்டில், பேராசிரியர்களின் மேற்பார்வையில், கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் மாதிரி முறையில் இருநூறு வீடுகளைத் தேர்ந்து, பெயர் கேட்காமல், மேற்கூறிய மூன்று வினாக்களை மட்டும் கேட்டு வருவோம். வகுப்பில் படிக்கும் மாதிரியெடுப்புப் பாடத்துக்கு அதைவிடச் சிறந்த செய்முறை வேறில்லை. கிடைக்கும் விடைகளைத் தொகுத்து, விடுதிச் சாலையில் நடந்தவற்றையும் அதில் சேர்த்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் பணிவோடு அளிப்போம். குற்றம் பதிவாகவில்லையே என்ற விடையை அடுத்த முறை கேட்கும்போது, நம் கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.